பீடித் தெருப் பிள்ளைகளோடு பத்து மாதக் களப்பணி: சம்மதம், நெருக்கம், ரகசியம் எதுவரை?

கேள்வி: முதலாண்டு ஆய்வாளர்

வணக்கம். சமூகவியல் முனைவர் பட்டத்துக்கான களப்பணித் திட்டம் இது. இடம் குடியாத்தம் பக்கம் இரண்டு தெருக்கள். பெரும்பாலும் பீடி சுற்றுகிற வீடுகள், சில வீடுகளில் லுங்கித் தறி, சில வீட்டுப் பெண்கள் ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறவர்கள். 13 முதல் 17 வயது வரை சுமார் இருபது பிள்ளைகள். வாரத்துக்கு நாலு நாள், மாலை நேரம். பள்ளிக்கூடம், வீட்டு வேலை, போன், ஊர்த் திருவிழா என்று எல்லாவற்றுக்கும் நடுவில் தங்கள் நேரத்தை இவர்கள் எப்படிப் பங்கு போடுகிறார்கள் என்பதுதான் தலைப்பு.

எத்திக்ஸ் கமிட்டி சம்மதப் படிவம் கேட்கிறது. மாதிரிகள் நிறைய இருக்கின்றன, எழுதிவிடலாம். படிவத்துக்கு வெளியே இருப்பதுதான் புரியவில்லை.

அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டால் பிள்ளை எப்படி மறுக்கும்? எதைக் கேட்டாலும் "சரிக்கா" என்கிற பிள்ளையின் சரியை நம்பலாமா? அக்கா, அண்ணா என்று கூப்பிட விடலாமா? தின்பண்டம், பணம், போன் நம்பர், வண்டியில் ஏற்றிப் போவது, இதிலெல்லாம் எல்லை எங்கே? காதல், வீட்டில் அடி, கல்யாணப் பேச்சு என்று ஏதாவது சொன்னால் அதை ரகசியமாக வைக்க முடியுமா? பத்து மாதம் கழித்துக் கிளம்பும்போது என்ன செய்வது?

"சூழலைப் பொறுத்தது" என்ற பதில் ஏற்கெனவே நிறையக் கிடைத்துவிட்டது. செய்முறையாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: பாலாற்று மணல்

முதலில் இரண்டு சொல்லைப் பிரித்துக்கொள்ளுங்கள். பெற்றோர் தருவது சம்மதம். பிள்ளை தருவது இசைவு. ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்பது கிடையாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி 7 முதல் 11 வயது வரை வாய்மொழி இசைவு, 12 முதல் 18 வரை எழுத்து மூலமான இசைவு. அது மருத்துவ, உடல்நல ஆய்வுகளுக்காக எழுதப்பட்டது. ஆனாலும் சமூக ஆய்வுகளைப் பார்க்கிற கமிட்டிகளும் அதே வயதுக்கோட்டைத்தான் பெரும்பாலும் கேட்கும். உங்கள் பிள்ளைகள் எல்லோரும் எழுத்து இசைவுக் கணக்கில் வருகிறார்கள். அம்மா "எழுதிக்கோங்க" என்று சொல்லி, பிள்ளை "வேணாம்" என்றால் முடிவு "வேணாம்"தான். இந்த வரியை அம்மாவுக்கான படிவத்திலேயே சேருங்கள், அவரும் கையெழுத்துப் போடட்டும். இல்லாவிட்டால் "நான் சொல்லிட்டேன்ல, போய் உக்காரு" என்பதைத் தடுக்க உங்களுக்கு வழி இருக்காது.

அடுத்தது, வேலூர்ப் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கல். இங்கே கையில் தாளோடு தெருவுக்குள் நுழைகிறவர் என்றால் ஜனங்கள் ஆஸ்பத்திரி ஆள் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். கணியம்பாடி, கே.வி.குப்பம் ஒன்றியங்களில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் கிராம சுகாதார வேலை பல பத்தாண்டுகளாக நடக்கிறது. அதன் கிராமப் பிரிவான ருஹ்சா 1977-லிருந்து இருக்கிறது. அதனால் "எடை பார்ப்பீங்களா, மாத்திரை குடுப்பீங்களா" என்ற கேள்வி வரும். "அதெல்லாம் இல்லைங்க" என்று ஒருமுறை சொல்லிவிட்டுப் போனால் போதாது. ஏதோ ஒரு பலன் வரும் என்று நம்பிக் கொடுத்த சம்மதம் சம்மதமே இல்லை. படிவத்தின் முதல் வரி இப்படி இருக்கட்டும்: "நான் ஆஸ்பத்திரி ஆள் இல்லை, ஸ்கூல் ஆள் இல்லை, பீடிக் கம்பெனி ஆள் இல்லை, எந்தத் திட்டத்திலும் பேர் சேர்க்க வரவில்லை."

இசைவுத் தாள் ஒரே பக்கம். பெரிய எழுத்து, 150 சொல்லுக்குள். "தரவு", "பங்கேற்பாளர்" போன்ற சொற்கள் வேண்டாம். குடியாத்தம், பேரணாம்பட்டில் உருது பேசுகிற வீடுகளும் தெலுங்கு பேசுகிற வீடுகளும் உண்டு. அம்மாவுக்கு எந்த மொழி சரளமோ அதில் வாய்விட்டுப் படித்துக் காட்ட ஆள் ஏற்பாடு செய்யுங்கள். அந்த ஆள் பக்கத்து வீட்டுக்காரராக இருக்கக் கூடாது. படித்து முடித்ததும் பிள்ளையிடம் மூன்று கேள்வி: நான் யாரு? எதுக்கு வர்றேன்? நடுவுல வேணாம்னு தோணினா நீ என்ன செய்யலாம்? இரண்டுக்காவது சரியான பதில் வரவில்லை என்றால் அன்றைக்குக் கையெழுத்து வாங்காதீர்கள். தாளைக் கொடுத்த அன்றே திரும்ப வாங்குவதும் தவறு. குறைந்தது மூன்று நாள் வீட்டில் கிடக்கட்டும்.

இப்போது "சரிக்கா" விஷயம். நம் பிள்ளைகள் பெரியவர்கள் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல மாட்டார்கள். மரியாதையில்லை என்று வளர்த்திருக்கிறோம். மறுப்பு வேறு உருவத்தில் வரும். "நாளைக்கு வர்றேன்கா." "அம்மாவைக் கேக்கணும்." "டியூஷன் இருக்கு." எல்லாக் கேள்விக்கும் "தெர்ல." பேச உட்காரும்போது தங்கச்சியை இழுத்து மடியில் வைத்துக்கொள்வது. குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று குடத்தோடு எழுந்து போவது. தண்ணீர் உண்மையாகவே வந்திருக்கலாம், அதையும் பார்க்கத்தான் வேண்டும். பொதுவாக இரண்டு "நாளைக்கு" ஒரு "மாட்டேன்" என்று கணக்கு வையுங்கள். மூன்றாவது முறை கேட்காதீர்கள். ஆனால் தெருவில் பார்த்தால் பழையபடி சிரித்துப் பேசுங்கள். மறுத்த பிள்ளையிடம் முகம் மாறினால், மற்ற பத்தொன்பது பேரும் அதைப் பார்த்துப் பாடம் கற்றுக்கொள்வார்கள்.

மறுப்பதற்குச் சொல் தேவைப்படாத ஒரு வழி வேண்டும். எளிதானது, ரெக்கார்டரைப் பிள்ளை கையிலேயே கொடுத்துவிடுவது. எந்தப் பொத்தான் நிறுத்தும் என்று காட்டி இரண்டு தடவை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அவர்கள் நிறுத்தினால் "ஏன்?" என்று கேட்கக் கூடாது. இங்கேதான் பல பேர் வழுக்குகிறார்கள். ரெக்கார்டர் அணைந்த பிறகு வருகிற பேச்சுதான் ருசியாக இருக்கும், ராத்திரி உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதிவிடத் தோன்றும். பொத்தானை அழுத்தியது அந்தப் பேச்சுக்கும் சேர்த்துத்தான். வேண்டுமென்றால் மறுநாள் "நேத்து கடைசியா சொன்னதை எழுதிக்கட்டுமா?" என்று தனியாகக் கேளுங்கள். "வேணாம்" என்றால் அது உங்கள் குறிப்பேட்டில் இருக்கக் கூடாது.

யார் மூலமாக உள்ளே போகிறீர்கள் என்பதும் இசைவின் பகுதிதான். ஆசிரியர் அறிமுகப்படுத்தினால் நீங்கள் பரீட்சை அதிகாரி. பீடிக் கடை ஆள் அறிமுகப்படுத்தினால் கம்பெனி உளவாளி. மாலை வகுப்பு எடுக்கிற தன்னார்வலர் கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் அவர் முன்னால் அந்த வகுப்புப் பிள்ளைகள் யாரும் மறுக்க மாட்டார்கள். ஒரே வாசலில் நுழையாமல் இரண்டு மூன்று வழியாகப் போங்கள். முதல் இரண்டு வாரம் எதையும் கேட்காதீர்கள்.

பதில் 2: திண்ணை

மேலே சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. நெருக்கத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பிள்ளைகளை ஆராய்கிறவர் "குறைந்தபட்சப் பெரியவர்" ஆக இருக்க வேண்டும் என்று நான்சி மேண்டெல் 1988-இல் ஒரு கட்டுரை எழுதினார். உயரத்தைத் தவிர மற்ற வித்தியாசங்களை முடிந்தவரை விட்டுவிட்டு அவர்களோடு ஒருவராகக் கலப்பது. அது மழலையர் வகுப்பைப் பற்றியது. அதைத் தூக்கிக்கொண்டு குடியாத்தம் தெருவுக்கு வந்தால் கேலிக்கூத்தாகிவிடும். 15 வயதுப் பையனுக்கு நீங்கள் படித்த ஆள், வண்டி வைத்திருக்கிற ஆள், வெளியூர் ஆள் என்பது நன்றாகத் தெரியும். "நான் உன் பிரெண்டு மாதிரி" என்பது பொய். அதைவிட "வேறு மாதிரியான பெரியவர்" என்பது நேர்மையானது: திட்ட மாட்டார், வீட்டுப்பாடம் கேட்க மாட்டார், அம்மாவிடம் போட்டுக்கொடுக்க மாட்டார், ஆனால் ஆபத்து என்றால் பெரியவராக நடந்துகொள்வார்.

அக்கா, அண்ணா என்று கூப்பிடுவதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் தேவையில்லை. "சார்", "மிஸ்" என்றால் அந்த நிமிடமே வகுப்பறை வந்துவிடும். ஆனால் ஒன்று. அக்கா என்பது இங்கே வெறும் விளி இல்லை. பீஸ் கட்டக் காசு குறைந்தால் கேட்கலாம், அப்பா அடித்தால் குறுக்கே வந்து நிற்பாள், கல்யாணத்துக்கு முதல் நாளே வந்துவிடுவாள் என்ற எதிர்பார்ப்பெல்லாம் அந்தச் சொல்லோடு சேர்ந்து வருகிறது. நீங்கள் எதற்கு வருவீர்கள், எதற்கு வர முடியாது என்று முதல் மாதத்திலேயே பேச்சுவாக்கில் சொல்லிவையுங்கள்.

நேரம். பீடி வீட்டில் பிள்ளையின் மாலை சும்மா இருப்பதில்லை. இலையை நனைத்து வைத்திருப்பார்கள். அம்மா தகட்டு அளவுக்கு வெட்டி, முறத்தை மடியில் வைத்து, தூள் போட்டுச் சுருட்டுவார். நூல் கட்டுவது, முனை மடக்குவது, 25 எண்ணிக் கட்டு போடுவது பல வீடுகளில் பிள்ளைகள் கை. கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று. பழகிய கை மணிக்கு நூறு பக்கம் சுற்றும். நீங்கள் இருபது நிமிடம் பேச்சுக் கொடுத்துக் கை நின்றால் ஒரு கட்டுக்கு மேல் குறைகிறது. வாய் பேசிக்கொண்டே கட்டினால் நூல் தளர்கிறது, கடையில் எண்ணும்போது கழித்துவிடுவார்கள். நஷ்டம் அம்மாவுக்கு, திட்டு பிள்ளைக்கு. சரக்கைக் கடையில் கொடுத்துவிட்டு வந்த பிறகுதான் பேச வேண்டும், அதற்கு முன்னால் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். "நானும் கட்டித் தர்றேன்கா" என்று முறத்தில் கை வைக்காதீர்கள். உங்கள் பீடி நிச்சயம் கழிவில் போகும்.

இடத்துக்கு ஒரே விதி: கண்ணுக்குத் தெரியணும், காதுக்குக் கேக்கக் கூடாது. பூட்டிய அறை, மொட்டைமாடி, காலி வகுப்பு கூடாது. ஆண் ஆய்வாளர் பெண் பிள்ளையிடம் பேசினால் தெருவில் மறுநாளே கதை கிளம்பும், விலை கொடுப்பது அந்தப் பெண். கோயில் மண்டபம், நூலக வராந்தா, தண்ணீர்த் தொட்டி பக்கத்துத் திட்டு சரி. பெண்கள் நாலைந்து பேர் வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருக்கிற இடத்தில் தனிப்பேச்சு நடக்காது. அங்கே பொதுவாகக் கேட்கலாம், ஒரு பிள்ளையின் வீட்டு விஷயத்தைத் தொடவே கூடாது.

போன். ஆய்வுக்குத் தனி சிம். இன்ஸ்டாவில் பின்தொடராதீர்கள், அவர்கள் பின்தொடர்ந்தாலும் உங்கள் சொந்தக் கணக்கைப் பூட்டி வையுங்கள். பெண் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் அம்மா போன்தான், அண்ணன் எப்போது வேண்டுமானாலும் எடுத்துப் பார்ப்பான். "நேத்து நீ சொன்னது பத்தி யோசிச்சேன்" என்று ஒரு வரி அனுப்பினால் போதும், வீட்டில் விசாரணை ஆரம்பித்துவிடும். எழுத்தில் அனுப்புவது நேரம், இடம் மட்டும். ராத்திரி எட்டுக்கு மேல் எதுவும் இல்லை.

வண்டி. "அண்ணா, ஒரு ரவுண்டு" என்று சாவி கேட்பார்கள். கொடுக்காதீர்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவில் சிறுவர் ஓட்டினால் வண்டி உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை. ஏற்றிப் போவதும் பெற்றோருக்குத் தெரிந்து, பகலில், காரணத்தோடு மட்டும்.

பணம் ஆளுக்கு ஆள் கொடுக்கவே வேண்டாம் என்பது என் கட்சி. பொரி, வேர்க்கடலை, டீ-பன் என்று அங்கே இருக்கிற எல்லோருக்கும், ஆய்வில் சேராத பிள்ளைக்கும் சேர்த்து. கடனும் கிடையாது. வாரக் கடன் கட்டுகிற நாளில் அம்மாக்களிடமிருந்து "ஒரு ஐந்நூறு" என்று கேட்பு வரும். ஒருவருக்குக் கொடுத்தால் அந்த வீட்டுப் பிள்ளை அதற்குப் பிறகு உங்களிடம் மறுக்கும் உரிமையை இழந்துவிடுகிறது. உடம்புக்கு அவசரம் என்றால் விதியெல்லாம் பார்க்க வேண்டாம், வீட்டாரோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பதில் 3: கடைசி பெஞ்ச்

திண்ணை, பணம் விஷயத்தில் உடன்பாடு இல்லை. பெரியவர்களிடம் பேட்டி எடுத்தால் நாள் கூலி இழப்பு என்று ஈடு கொடுக்கிறோம். கை நின்றால் ஒரு கட்டு போகிறது என்று நீங்களே கணக்குப் போட்டுவிட்டு, அந்தக் கட்டுக்கு வேர்க்கடலை என்றால் நியாயமா? உட்கார்ந்து பேசும் பேட்டிக்கு, இழந்த நேரத்தின் கூலி அளவுக்கு, எல்லோருக்கும் ஒரே தொகை, முன்கூட்டிக் கமிட்டியிடம் சொல்லி, நடுவில் எழுந்து போனாலும் முழுத் தொகை. கடைசி நிபந்தனைதான் முக்கியம். முடித்தால்தான் பணம் என்றால் அது பிடித்து வைப்பது. சும்மா கூட இருக்கிற நாட்களுக்குப் பணம் வேண்டாம், அதில் ஒத்துப்போகிறேன். யார் கையில் கொடுப்பது என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள். பிள்ளை கையில் கொடுத்தால் சில வீடுகளில் அப்பா பிடுங்கிக்கொள்வார், அம்மா கையில் கொடுத்தால் பிள்ளையை அனுப்பிவைப்பதே சம்பாத்தியமாகிவிடும். நோட்டு, ஜாமெட்ரி பாக்ஸ் மாதிரி பொருளாகக் கொடுத்தால் இரண்டு தொல்லையும் குறையும்.

பதில் 4: வக்கீல் தெரு

ரகசியம் பற்றி ஒருவரும் தொடவில்லை. "நீ என்ன சொன்னாலும் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்ற வாக்கியத்தை முதலில் தூக்கிப் போடுங்கள். அதைக் காப்பாற்ற உங்களால் முடியாது.

போக்சோ சட்டம், 2012. பதினெட்டு வயது நிறையாத எல்லோரும் குழந்தை. 19-ஆவது பிரிவில், பாலியல் குற்றம் நடந்தது தெரிந்த, அல்லது நடக்கக்கூடும் என்று அஞ்சுகிற எவரும் உள்ளூர் போலீஸிடமோ சிறார் சிறப்புப் போலீஸ் பிரிவிடமோ தெரிவிக்க வேண்டும். "எவரும்" என்பதில் ஆய்வாளருக்கு விலக்கு இல்லை. தெரிவிக்காவிட்டால் 21-ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மேல் வழக்கு வராது, அதையும் சட்டமே சொல்கிறது.

சிக்கல் எங்கே? 16, 17 வயதில் காதலிக்கிற இருவர் மனமொத்து உறவில் இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் குற்றம். ஒரு பெண் பிள்ளை நம்பிச் சொன்ன ஒரு வரி அந்தப் பையனைச் சிறைக்கும் அவளை ஊர் வாய்க்கும் அனுப்பலாம். சொல்லாமல் விட்டால் நீங்கள் குற்றவாளி. இந்த இடத்தில் சுத்தமான வழி கிடையாது. செய்யக்கூடியது, தலைப்புக்குத் தேவையில்லாததைக் கேட்காமல் இருப்பதும், எல்லையை முன்கூட்டியே சொல்வதும். உங்கள் தலைப்பு நேரப் பங்கீடு. யார் யாரோடு படுத்தார் என்பது அதற்கு வேண்டியதில்லை. காதலைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் கற்பனைப் பெண் ஒருத்தியை வைத்து, "பத்தாவது படிக்கிற பொண்ணு, பஸ் ஸ்டாண்டுல ஒரு பையன்கூட நின்னு பேசினதை மாமா பாத்துட்டார், வீட்ல இன்னா நடக்கும்?" என்று கேளுங்கள். பிள்ளைகள் கொட்டுவார்கள். யாரும் தன்னைக் காட்டிக்கொடுக்கத் தேவை இருக்காது.

எல்லையைச் சொல்லும் வாசகம் ஏறக்குறைய இப்படி: "நீ சொல்றதை உங்க வீட்ல, ஸ்கூல்ல சொல்ல மாட்டேன். ஆனா யாராவது உன்னை அடிச்சுக் காயப்படுத்துறாங்க, தப்பாத் தொடுறாங்க, பதினெட்டுக்கு முன்னாடி உனக்குக் கல்யாணம் பண்ணப் பாக்குறாங்க, இல்ல நீயே உன்னை ஏதாவது பண்ணிக்கப் போறேன்னு தெரிஞ்சா, நான் சும்மா இருக்க முடியாது. அப்ப யாருகிட்ட சொல்லப் போறேன்னு முதல்ல உங்கிட்டதான் சொல்லுவேன்." இதை முதல் நாள் மட்டும் சொன்னால் மறந்துபோகும். ஒவ்வொரு பேட்டிக்கு முன்னாலும் சொல்லுங்கள். பேச்சு அந்தத் திசையில் நகர்கிறது என்று தோன்றினால் நடுவிலேயே நிறுத்தியும் ஞாபகப்படுத்துங்கள். பொறிவைத்துப் பிடித்தமாதிரி ஆகக் கூடாது.

சொல்லிவிட்டால்? குறுக்கு விசாரணை வேண்டாம். யார், எப்போது, எத்தனை தடவை என்று தோண்டுவது உங்கள் வேலை இல்லை, பின்னால் வழக்குக்கும் அது கெடுதல். கேட்டதைப் பிள்ளையின் சொல்லிலேயே தேதி, நேரத்தோடு எழுதி, ஆய்வுக் குறிப்பிலிருந்து தனியாக வையுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ எந்த நேரமும் எடுப்பார்கள். கைடுக்கும் கமிட்டிக்கும் அன்றே தகவல் போகட்டும், ஆனால் அவர்கள் பதில் வரட்டும் என்று சட்டம் காத்திருக்காது. பெற்றோரிடம் முதலில் ஓடிப் போய்ச் சொல்வதுதான் பெரிய தவறு. அடிக்கிறவர் வீட்டுக்குள்ளேயே இருக்கலாம். காதல் விஷயம் என்றால் அடுத்த முகூர்த்தத்தில் தாலி ஏறிவிடும்.

குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006: பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. தடுப்பு அலுவலர் மாவட்டச் சமூகநல அலுவலர். எந்த மாவட்டம் என்று சரியாகத் தெரிந்து வையுங்கள். 2019-இல் வேலூரை மூன்றாகப் பிரித்தார்கள். குடியாத்தமும் பேரணாம்பட்டும் வேலூரிலேயே இருக்கின்றன. ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூருக்குப் போய்விட்டன. ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் ராணிப்பேட்டை. பெண் குடியாத்தத்தில், மாப்பிள்ளை வீடும் மண்டபமும் ஆம்பூரில் என்றால் இரண்டு அலுவலகத்துக்கும் சொல்ல வேண்டியிருக்கும். களத்துக்குப் போகும் முன்பே மூன்று மாவட்டக் குழந்தைப் பாதுகாப்பு அலகுகளின் எண்களையும் எழுதி வையுங்கள். மனநலத்துக்கு 14416, படிப்பு சம்பந்தமாக 14417.

பிள்ளைகள் பீடி கட்டுவதே சட்டவிரோதம் ஆயிற்றே என்று அடுத்த கேள்வி வரும். குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி 14 வயதுக்குக் கீழே யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது. வீட்டுத் தொழிலில் உதவலாம் என்ற விலக்கு பள்ளி நேரத்துக்கு வெளியே, ஆபத்தில்லாத வேலைக்கு மட்டும். புகையிலைத் தூள் பறக்கிற முறத்துக்கு அந்த விலக்கைச் சொல்லித் தப்பிக்க முடியாது. ஆனால் போக்சோவில் இருப்பதுபோல் "தெரிந்த எவரும் சொல்லியே தீர வேண்டும்" என்ற வாசகம் இந்தச் சட்டத்தில் இல்லை. பிள்ளையின் நிலைமையைப் பார்த்து முடிவெடுக்க உங்களுக்கு இடம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள், முன்பணத்துக்கு ஈடாக உட்கார வைத்திருக்கிறார்கள் என்றால் அது கொத்தடிமை விவகாரம், அங்கே சும்மா இருக்கக் கூடாது. இதில் என்ன செய்வீர்கள் என்பதைக் கமிட்டிக்கு முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள். களத்தில் நின்றுகொண்டு யோசித்தால் தாமதமாகும்.

முதலாண்டு ஆய்வாளர்

எல்லோருக்கும் நன்றி. ரெக்கார்டர் அணைந்த பிறகு கேட்டதை எழுதக் கூடாது என்பது உறைத்தது. இன்னும் இரண்டு. பெயரை மாற்றிவிட்டால் போதுமா? தை, மாசியில் எருது விடும் விழா, வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, இரண்டிலும் பையன்களைப் படம் எடுக்காமல் இருக்க முடியாது. அதை என்ன செய்வது? கிளம்புவதைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

பதில் 5: பாலாற்று மணல்

பெயரை மாற்றுவது பாதிகூட இல்லை. "குடியாத்தம் அருகே ஒரு தெரு, அப்பா பெங்களூரில் கட்டட வேலை, அம்மா பீடி, மூன்று பெண்களில் நடுவள், கபடியில் மாவட்ட அளவில் ஆடியவள்" என்று எழுதிவிட்டுப் பெயரை மட்டும் மாற்றினால் தெருவில் சின்னக் குழந்தைகூட யாரென்று சொல்லிவிடும். வெளியூர் வாசகரிடமிருந்து மறைப்பது சுலபம், எதிர்வீட்டிலிருந்து மறைப்பதுதான் வேலை. குடும்ப எண்ணிக்கை, விளையாட்டு, அப்பா ஊர் மாதிரி ஆய்வுக்குத் தேவையில்லாத விவரத்தில் ஒன்றிரண்டை மாற்றுங்கள். மிகவும் அடையாளம் காட்டுகிற சம்பவத்தை ஒரே ஆள் மேல் வைக்காமல் பிரித்து எழுதுங்கள். சிறார் நீதிச் சட்டம் 2015, 74-ஆவது பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுகிற குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, அடையாளம் காட்டுகிற எந்த விவரமும் வெளியிடக் கூடாது என்கிறது. சட்டத்தை மீறி வேலைக்கு வைக்கப்பட்ட குழந்தையும் அந்த வரையறைக்குள் வரும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.

புனைபெயரைப் பிள்ளைகளையே தேர்ந்தெடுக்கச் சொல்வது நல்ல பழக்கம். பெரும்பாலும் சினிமா ஹீரோ பெயர் வரும், அதில் தொல்லையில்லை. பட்டப்பெயரையும், மனசுக்குப் பிடித்தவரின் பெயரையும் சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். அது இரண்டையும் ஏற்காதீர்கள். அதே தெருவில் இருக்கிற இன்னொருவர் பெயராக இருந்தால் கதை அவர் தலையில் விழும்.

படத்துக்கு வருவோம். எருது ஓடுகிற தெருவில் ஆயிரம் போன் எடுத்துக்கொண்டிருக்கும், உங்களுடையதில் மட்டும் என்ன ஆபத்து என்று தோன்றும். மற்றவர்கள் எடுப்பது ரீல்ஸோடு போய்விடும். உங்கள் படம் எழுத்தோடு சேர்ந்து நிற்கும், இந்தப் பையன் பள்ளிக்கு மட்டம் போட்டான் என்ற வரிக்குப் பக்கத்தில். பின்பக்கத்திலிருந்து, கைகளை மட்டும், மாட்டின் கொம்பில் கட்டிய துணியை, தடுப்புக் கட்டையில் தொங்கும் கால்களை எடுங்கள். போன் கேமராவில் இடக்குறிப்பை அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் வீட்டு வாசல்வரை வழி சொல்லும். முறத்தோடு இருக்கிற பிள்ளையின் முகம் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். விழா இன்னொரு விதத்திலும் கவனிக்க வேண்டியது. எருது விடும் விழா முடியும்போது பத்தாவது, பன்னிரண்டாவது பொதுத்தேர்வு வந்து நிற்கும். அந்த வகுப்புப் பிள்ளைகளிடம் பிப்ரவரி, மார்ச்சில் நீண்ட பேட்டி வைக்காதீர்கள். ஒருவன் மார்க் குறைந்தால் பழி உங்கள் மேல் வரும், அதில் கொஞ்சம் நியாயமும் இருக்கும்.

குரல்பதிவை எழுத்தாக்கிய பிறகு, கமிட்டியிடம் சொன்ன தேதியில் அழியுங்கள். நிஜப் பெயர்-புனைபெயர்ப் பட்டியல் ஒரே ஒரு பிரதி, தனி இடத்தில், பூட்டில். எழுதியதை அவரவர் பகுதியை மட்டும் தமிழில் அச்செடுத்துக் கொடுத்து, அங்கேயே உட்கார்ந்து படிக்கச் சொல்லி, பேனாவையும் கையில் கொடுங்கள். அடித்ததை எல்லாம் எடுத்துவிட வேண்டும். தாளை வீட்டுக்கு அனுப்பாதீர்கள், அடுப்பங்கரை அலமாரியில் கிடந்து யார் கையிலாவது போகும்.

கிளம்புவது. பத்து மாதம் வாரம் தவறாமல் காது கொடுத்த ஒரு பெரியவர் திடீரென்று காணாமல் போனால் 13 வயதுக்கு அது சின்ன விஷயமில்லை. எந்த மாதம் போகிறீர்கள் என்பதை இசைவுத் தாளிலேயே எழுதுங்கள், ஐந்தாம் மாதத்தில் ஒருமுறை சொல்லுங்கள், கடைசி ஆறு வாரத்தில் வாரம் நாலு நாளை இரண்டாக்கி, பிறகு ஒன்றாக்குங்கள். "அடிக்கடி வருவேன்" என்று சொல்லாதீர்கள். வர முடியும் என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு நாளைச் சொல்லுங்கள், சிரசு அன்றைக்கு வருவேன் என்று சொன்னால் வெயிலானாலும் வர வேண்டும். உங்களையே நம்பிப் பேசிக்கொண்டிருந்த பிள்ளை யாராவது இருந்தால், நீங்கள் போகும் முன் ஊரிலேயே இருக்கிற இன்னொரு பெரியவரோடு பழக்கிவிட்டுப் போங்கள்.

முதலாண்டு ஆய்வாளர்

இரண்டு பேருக்குக் களப்பணி நடுவிலேயே 18 முடிகிறது. அம்மா போட்ட கையெழுத்து செல்லுமா?

பதில் 6: வக்கீல் தெரு

அந்தப் பிறந்தநாளிலிருந்து செல்லாது. பெரியவருக்கான படிவத்தில் அவரிடமே புதிதாக வாங்க வேண்டும். அதோடு, 17-இல் சொன்னவற்றை வைத்துக்கொள்ளலாமா என்றும் தனியாகக் கேளுங்கள். "அதை எடுத்துடுங்க" என்றால் எடுத்துவிட வேண்டும், ஆய்வேட்டில் அதுதான் நல்ல அத்தியாயமாக இருந்தாலும்.